கட்டுரையைச் சோதிக்கும் மென்பொருள்: கரையோர வாசகர்களின் கேள்விகள்

சென்ற இதழில், ஆய்வுக் கட்டுரைகளைத் தானாகவே படித்துக் குறை கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் கடிதங்கள் வந்திருக்கின்றன. மாணவர்கள் எழுதுவார்கள் என்று தெரியும். படகுக்காரர்களும் பாசி எடுக்கும் பெண்களும் எழுதியதுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி, ஏனென்றால் இந்தக் கடலைப் பற்றி யாரோ எழுதும் கட்டுரை நாளைக்கு ஒரு சட்டமாகவோ தடையாகவோ வந்து நிற்பது அவர்கள் வாசலில்தான். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, கடற்புல் பற்றி பிஎச்.டி. செய்கிறேன். தீசிஸை நூலகத்தில் மென்பொருளில் போட்டுப் பார்த்ததில் 23 விழுக்காடு ஒத்துப்போகிறது என்று வந்தது. கைடு பத்துக்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறார். வாக்கியத்தை மாற்றிக் கொடுக்கும் ஒரு மென்பொருள் நெட்டில் கிடைத்தது, அதில் போட்டேன், 9 ஆகிவிட்டது. ஆனால் படித்தால் எனக்கே புரியவில்லை. ‘சீகிராஸ் பெட்’ எல்லாம் ‘ஓஷன் கிராஸ் மேட்ரஸ்’ ஆகியிருக்கிறது. இதையே கொடுத்துவிடலாமா?
– ஆய்வு மாணவி, தொண்டி

வேண்டாம் தங்கச்சி. அந்த 9 விழுக்காட்டுப் பிரதியை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு 23 விழுக்காட்டுப் பிரதிக்குத் திரும்பிப் போங்கள். உங்கள் உழைப்பு அதில்தான் இருக்கிறது.

முதலில் அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். உங்கள் எழுத்தைத் துண்டு துண்டாக எடுத்து, தன்னிடம் இருக்கும் கட்டுரைகள், இணையப் பக்கங்கள், பழைய ஆய்வேடுகள் ஆகியவற்றில் அதே சொற்கோவை எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் மென்பொருளின் வேலை. திருடினீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. தராசில் போட்டால் எடை தெரியும், மீன் நேற்றையதா இன்றையதா என்று செவுளைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும், அந்த மாதிரிதான் இதுவும். செவுளைத் தூக்குவது என்றால் இங்கே முழு அறிக்கையையும் திறந்து, வண்ணம் அடித்துக் காட்டியிருக்கிற ஒவ்வொரு வரியையும் நீங்களும் கைடும் சேர்ந்து உட்கார்ந்து படிப்பது. கடற்புல் ஆய்வில் எது ஒத்துப்போகும் என்று நானே சொல்லிவிடுவேன்: கடலடியில் சதுரச் சட்டம் போட்டு அதற்குள் இருப்பதை எண்ணிய முறை, உப்புத்தன்மை அளந்த முறை, இனங்களின் பட்டியல், நிறுவனங்களின் நீளமான பெயர்கள், அப்புறம் நீங்களே முன்பு வெளியிட்ட கட்டுரை. செய்முறையை எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் எழுதுவார்கள், எழுதவும் வேண்டும், இல்லாவிட்டால் இன்னொருவர் அதைத் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

எழுத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் கொண்டுவந்த விதியைப் பலரும் அரைகுறையாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 10 விழுக்காடு வரை தண்டனை எதுவும் இல்லை. 10-க்கு மேல் 40 வரை முதல் நிலை, 40-க்கு மேல் 60 வரை இரண்டாம் நிலை, அதற்கும் மேலே போனால் மூன்றாம் நிலை. முதல் நிலையில் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள். இரண்டாம் நிலையில் ஒரு வருடம் திருத்திய பிரதியைக் கொடுக்க முடியாது. மூன்றாம் நிலையில் பதிவே ரத்து. ஆனால் அதே விதியில், முறைப்படி ஆதாரம் காட்டிய மேற்கோள்கள், நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்டங்கள், வழக்கமான குறியீடுகள், சமன்பாடுகள் இவற்றையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் இருக்கிறது. பொது அறிவாக இருப்பதோ தற்செயலாக ஒத்துப்போவதோ தொடர்ந்து 14 சொற்கள் வரை இருந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். உங்கள் 23 இவற்றையெல்லாம் கழித்த பிறகு வந்ததா, கழிக்காமல் வந்ததா? நூலகரிடம் இதைத்தான் முதலில் கேளுங்கள். நூற்பட்டியலை மட்டும் விலக்கி மறுபடி ஓட்டினாலே பல ஆய்வேடுகளில் எண் சட்டென்று இறங்கிவிடும். இன்னொன்றும் அந்த விதியில் இருக்கிறது: தவறு ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகி, அந்த நபருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பும் கொடுத்த பிறகுதான் தண்டனை. அதாவது எண்ணை மட்டும் காட்டி ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதற்கு விதியே இடம் கொடுக்கவில்லை.

சரி, அந்த வாக்கியம் மாற்றும் மென்பொருளுக்கு வருவோம். பிரான்ஸின் கியோம் கபனாக், சிரில் லபே, ரஷ்யாவின் அலெக்சாண்டர் மகாசினோவ் என்று மூன்று பேர், இப்படி உருமாறிப்போன சொற்றொடர்களை 2021-இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘புஸம் பெரில்’, ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ்’ இடத்தில் ‘கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்’. இவற்றைத் தேடித் தேடிப் பிடிக்கவே கபனாக்கும் கூட்டாளிகளும் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள், ‘பிராப்ளமேட்டிக் பேப்பர் ஸ்கிரீனர்’ என்று பெயர். கோடிக்கணக்கான கட்டுரைகளை அது அலசுகிறது. உங்கள் ‘ஓஷன் கிராஸ் மேட்ரஸ்’ நாளைக்கு அப்படியொரு பட்டியலில் மாட்டினால், கூலிக்குக் கட்டுரை எழுதித் தரும் கூட்டத்தோடு உங்களையும் சேர்த்துவிடுவார்கள். கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று எண்ணிக் கொண்டுவந்த புள்ளிவிவரம் அப்புறம் யாராலும் நம்பப்படாது. 23 விழுக்காட்டை விளக்கிச் சொல்லிச் சமாளித்துவிடலாம், இதை விளக்கவே முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது: முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் அத்தியாயத்தை எடுங்கள், ஒப்புமை பெரும்பாலும் அங்கேதான் குவிந்திருக்கும். மூலக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு, அதில் என்ன சொன்னார்கள் என்று தமிழில் நினைத்துப் பார்த்து, பிறகு உங்கள் ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் இருக்கட்டும். முடிவுகளும் விவாதமும் ஒரு வரிகூட யாரோடும் ஒத்துப்போகக் கூடாது, அங்கே மட்டும் கறாராக இருங்கள்.

கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறேன். ஒரு மாணவன் கொடுத்த புராஜெக்ட் அறிக்கையை, ஏ.ஐ. எழுதியதா என்று கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருளில் போட்டேன். 80 விழுக்காடு ஏ.ஐ. என்று காட்டுகிறது. அவன் தானே எழுதியதாகச் சத்தியம் செய்கிறான். தமிழ் வழியில் படித்து வந்த பையன். என்ன செய்வது?
– விரிவுரையாளர், ராமநாதபுரம்

அந்த எண்ணை வைத்து அவனுக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறைக்காதீர்கள், தயவுசெய்து.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கண்டுபிடிப்பானை வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 விழுக்காட்டைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை இயந்திரம் எழுதியது என்று தப்பாகச் சொன்னது. இது அவர்களே வெளியிட்ட கணக்கு. துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். அதே 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கண்டுபிடிப்பான்களை எடுத்து, ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேல், 61 விழுக்காடு, இயந்திரம் எழுதியது என்று தவறாக வந்தது. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதியவற்றில் அந்தத் தவறு மிகவும் குறைவு.

காரணம் இதுதான். அடுத்து என்ன சொல் வரும் என்று எளிதில் ஊகிக்க முடிகிற எழுத்தை அந்த மென்பொருள்கள் இயந்திர எழுத்து என்று எடுத்துக்கொள்கின்றன. உச்சிப்புளியிலோ சாயல்குடியிலோ தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளை, தனக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலச் சொற்களை வைத்துக் கவனமாக, தப்பு வந்துவிடக் கூடாது என்ற பயத்தோடு எழுதினால் அது ஊகிக்கக்கூடிய எழுத்தாகத்தான் இருக்கும். அந்தப் பயத்துக்குத் தண்டனை கொடுக்கிறது இந்த மென்பொருள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு, ஏனென்றால் கஷ்டப்பட்டு மேலே வருகிற பிள்ளைகள்தான் இதில் முதலில் அடிபடுகிறார்கள்.

அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எந்தக் கரைக்குப் போனாய், எத்தனை மணிக்குத் தண்ணீர் வற்றியிருந்தது, இந்த மூன்றாம் அட்டவணையில் ஏன் இந்த மாதம் மட்டும் எண் குறைவு என்று தமிழிலேயே கேளுங்கள். களக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒருவேளை ஏ.ஐ.யிடம் ஆங்கிலம் மட்டும் திருத்தச் சொல்லியிருந்தால், அதை அறிக்கையிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஆய்விதழ்களும் இப்போது அதைத்தான் கேட்கின்றன: ஏ.ஐ.யை ஆசிரியராகப் போடக் கூடாது, பயன்படுத்தியிருந்தால் சொல்லிவிட வேண்டும்.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை போட்டுத் தருகிறோம், பிளேஜியரிசம் ரிப்போர்ட்டும் இலவசம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. நம்பலாமா?
– வாசகர், பரமக்குடி

நம்பாதீர்கள். ஒரு வாரத்தில் மென்பொருள் ஓட்டலாம், துறை தெரிந்த இரண்டு பேர் பொறுமையாகப் படித்துக் கருத்துச் சொல்ல முடியாது. பிஎச்.டி. ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022-லேயே எடுத்துவிட்டது, உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த விதி என்ன என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் யுஜிசி-கேர் பட்டியலில் இருக்கிறோம் என்று அந்த வாட்ஸ்அப்காரர் சொன்னால், அந்தப் பட்டியலே 2025-இல் கைவிடப்பட்டுவிட்டது என்று பதில் போடுங்கள்.

எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு திட்டத்தில் உதவியாளராக இருக்கிறேன். கட்டுரையில் இருக்கும் எண்களையே சோதிக்கும் மென்பொருள் உண்டாமே? அனுப்புவதற்கு முன் நாங்களே சோதித்துக்கொள்ள முடியுமா மேடம்?
– மண்டபம் முகாம்

முடியும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

நெதர்லாந்தில் மிஷேல் நைட்டனும் அவர் கூட்டாளிகளும் ‘ஸ்டேட்செக்’ என்று ஒன்றைச் செய்தார்கள். கட்டுரையில் புள்ளியியல் சோதனையின் மதிப்பு, சுதந்திரப் பாகை, பி மதிப்பு (முடிவு தற்செயலாக வந்திருக்கலாமா என்று பார்க்க உதவும் எண்) மூன்றும் எழுதியிருப்பீர்கள் அல்லவா, முதல் இரண்டை எடுத்து மூன்றாவதைத் தானே கணக்கிட்டு, நீங்கள் எழுதியதோடு ஒப்பிடும். 1985 முதல் 2013 வரை எட்டு உளவியல் ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளில் ஓட்டிப் பார்த்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழப் பாதிக் கட்டுரைகளில் ஒரு முரண்பாடாவது இருந்தது. எட்டில் ஒன்றில், முடிவையே மாற்றக்கூடிய அளவுக்கு. இதில் பெரும்பகுதி கெட்ட எண்ணத்தால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. அட்டவணையிலிருந்து பார்த்து எழுதும்போது கை தவறுவது, பழைய கணக்கைத் திருத்த மறப்பது, இவைதான் அதிகம் இருக்கும். ஆனால் உங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அது அமெரிக்க உளவியல் கழகத்தின் எழுத்து வடிவத்தில் இருக்கும் எண்களைத்தான் படிக்கும். மீன்வளக் கட்டுரைகளில் எண்கள் பெரும்பாலும் அட்டவணைக்குள் இருக்கும், அதன் கண்ணில் படாது. குறை ஒன்றும் இல்லை என்று அது சொன்னால், எதையுமே படிக்காமல்கூட அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹெதர்ஸும் கொண்டுவந்த ‘கிரிம்’ சோதனை. இதற்குக் கால்குலேட்டர் போதும். 25 சதுரச் சட்டங்களில் கடல் அட்டையை எண்ணினீர்கள், ஒரு சட்டத்துக்குச் சராசரி 4.37 என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அட்டை முழுசு முழுசாகத்தான் இருக்கும், அரை அட்டை கிடையாது. மொத்தம் 109 என்றால் சராசரி 4.36, 110 என்றால் 4.40. நடுவில் 4.37 வரவே வராது. அப்படியானால் சட்டத்தின் எண்ணிக்கை தப்பு, அல்லது தட்டச்சுத் தப்பு, அல்லது ஏதோ ஒரு சட்டத்தைக் கணக்கில் விட்டிருக்கிறீர்கள். இரண்டு தசம இடம் போட்டிருந்தால் மாதிரி நூறுக்கும் குறைவாக இருக்கும்போதுதான் இது வேலை செய்யும், எண்ணிக்கைகளுக்குத்தான் சரிப்படும், நீளத்தையும் எடையையும் இப்படிச் சோதிக்க முடியாது. நம் கரையில் நடக்கும் சிறிய ஆய்வுகளில் இருபது, முப்பது சட்டங்கள்தான் போடுகிறார்கள் என்பதால் நமக்கு நன்றாகவே பொருந்தும்.

படங்களைப் பார்க்கும் மென்பொருள்களும் உண்டு. கொரோனா காலத்தில் முன்பதிப்புக் கட்டுரைகள், அதாவது துறை அறிஞர்கள் மதிப்பிடும் முன்பே இணையத்தில் போடப்படுபவை, வந்து குவிந்தபோது டிரேசி வைஸ்கெர்பர் முதலான ஆய்வாளர்கள் பல மென்பொருள்களை ஒன்றாகக் கட்டி ஓட்டினார்கள். தரவைப் பொதுவில் வைத்திருக்கிறார்களா என்று ஒன்று பார்க்கும், தன் ஆய்வின் எல்லைகளை ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறாரா என்று ஒன்று, தூண் வரைபடத்தைத் தப்பான இடத்தில் போட்டிருக்கிறாரா என்று ஒன்று, வானவில் வண்ணத்தில் வரைபடம் போட்டால் எச்சரிக்கை செய்ய ஒன்று. இந்தக் கடைசி இரண்டும் நம் ஊர்க் கட்டுரைகளுக்கு உடனே தேவை. மன்னார் வளைகுடாவின் கடல் வெப்ப வரைபடம் என்றாலே நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் அந்த வானவில்தான். நிறக்குருடு உள்ளவருக்கு அதில் பாதி தெரியாது, இல்லாத எல்லைக்கோடு ஒன்று மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் இருப்பது போலவும் தோன்றும். வெப்பம் எங்கே ஏறியது என்பதைப் பார்த்துத்தான் பவளம் எங்கே வெளிறும் என்று சொல்கிறோம், அந்த வரைபடத்தையே தவறாகப் படித்தால்? அதேபோல மீன் நீளத்தைத் தூணாக வரையாதீர்கள். ஒவ்வொரு மீனையும் ஒரு புள்ளியாகப் போடுங்கள், குஞ்சு எத்தனை, பெரிசு எத்தனை என்று கண்ணுக்குத் தெரியட்டும்.

அம்மா, நாங்கள் கட்டக்கோரையும் மரிக்கொழுந்தும் எடுத்துப் பிழைக்கிறோம், கொஞ்ச பேர் மிதவையில் வெளிநாட்டுப் பாசியும் வளர்க்கிறோம். அந்தப் பாசி பவளத்தைக் கெடுக்கிறது என்று ஒரு கட்டுரை, கெடுக்கவில்லை என்று ஒரு கட்டுரை என்று என் மகள் படித்துச் சொல்கிறாள். எது உண்மை என்று சொல்லும் மென்பொருள் இருக்கிறதா?
– பாசி எடுக்கும் மகளிர் குழு, மண்டபம் அருகே

இல்லை அம்மா. அப்படி ஒன்று இருப்பதாக யாராவது சொன்னால் அவர்களிடம் கவனமாக இருங்கள்.

நீங்கள் சொல்வது கப்பாஃபைக்கஸ் பாசி. 2008-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில், குருசடைத் தீவில் அது உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்திருக்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. அதிலிருந்து வாக்குவாதம் ஓயவில்லை. இரண்டு பக்கத்துக் கட்டுரைகளையும் எல்லா மென்பொருளிலும் போட்டாலும் இரண்டுமே தேறிவிடலாம், ஏனென்றால் அவை பார்ப்பது எழுத்து ஒழுங்கையும் கணக்கு ஒழுங்கையும். தீவுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க முங்கித்தான் ஆக வேண்டும்.

உங்கள் மகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அந்தக் கட்டுரை பிறகு, தவறு இருப்பதாகச் சொல்லி ஆய்விதழாலேயே திரும்பப் பெறப்பட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தை 2023-இல், கட்டுரைகளுக்கு அடையாள எண் தரும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. ‘சோட்டெரோ’ என்ற இலவச மென்பொருளில் கட்டுரைகளைச் சேர்த்து வைத்தால், திரும்பப் பெறப்பட்டது இருந்தால் அதுவே சிவப்பில் எச்சரிக்கும். இது சும்மா சொல்வதில்லை, 2023 ஒரே வருடத்தில் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, அதில் எட்டாயிரத்துக்கும் மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்துடையவை. அப்புறம் யார் பணம் கொடுத்தார்கள், எந்தத் தீவில், எந்த மாதத்தில், எத்தனை இடத்தில் முங்கிப் பார்த்தார்கள், வளர்ப்பு மிதவையிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தத் தாளைப் பார்த்தால், அவர்கள் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்கிறார்களா, அல்லது வேறு வேறு இடத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்களா என்று உங்களுக்கே விளங்கும். அந்தக் கடற்பரப்பை உங்களைவிட அதிகம் பார்த்தவர்கள் குறைவு.

பவளப்பாறைப் படங்களைக் கட்டுரையில் போட்டால் மென்பொருள் சோதிக்குமா? வெளிச்சம் கூட்டினால் மோசடி என்று சொல்லிவிடுவார்களா?
– முங்குநீச்சல் பழகும் மாணவர், கீழக்கரை

எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளர் 40 ஆய்விதழ்களில் வந்த 20,621 கட்டுரைகளின் படங்களை வெறும் கண்ணாலேயே பார்த்தார். அதில் 3.8 விழுக்காட்டில், ஒரே படம் இரண்டு இடத்தில் வருவது போன்ற சிக்கல் இருந்தது என்று 2016-இல் வெளியிட்டார். இப்போது அந்த வேலைக்கு ‘இமேஜ்ட்வின்’, ‘புரூஃபிக்’ என்று மென்பொருள்கள் வந்துவிட்டன. சயின்ஸ் குழும ஆய்விதழ்கள் 2024 ஜனவரியில் புரூஃபிக்கைப் பயன்படுத்தப் போவதாக அறிவித்தன. ஆனால் இவை பெரும்பாலும் மைக்ரோஸ்கோப் படம் மாதிரியான ஆய்வகப் படங்களுக்காக உருவானவை. ஒரே பாறையை இரண்டு கோணத்தில் எடுத்து, ஒன்று முயல் தீவு, இன்னொன்று அப்பா தீவு என்று ஒருவர் எழுதினால் பிடிக்குமா என்பது சந்தேகம்தான்.

படம் முழுவதும் ஒரே சீராக வெளிச்சம் கூட்டுவது தவறில்லை, சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒரு பகுதியை மட்டும் அழிப்பதும் ஒட்டுவதும் கூடாது. கேமராவிலிருந்து வந்த மூலப் படத்தை அப்படியே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி வாங்கினால் எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்கள் போய்விடும், படமும் சுருங்கிவிடும். ஆசிரியர் குழு கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

எங்கள் நண்டை இறக்கும் இடத்தில் வந்து அளந்துகொண்டு போகிறார்கள். அப்புறம் நண்டு குறைந்ததற்கு நாட்டுப்படகு வலைதான் காரணம் என்று கட்டுரை வருகிறது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துச் சரி என்று வந்துவிட்டதாம். கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகிவிடுமா?
– வல்லம் வைத்திருப்பவர், பாம்பன்

ஆகாது அண்ணே. கம்ப்யூட்டர் ‘சரி’ என்று சொல்லவும் இல்லை. எழுத்து வேறொன்றிலிருந்து எடுத்ததில்லை, எண்கள் ஒன்றோடொன்று முட்டவில்லை, படங்கள் இரட்டிப்பாக இல்லை, அவ்வளவுதான் அது சொன்னது. உட்கார்ந்த இடத்தில் நூறு நண்டின் அகலத்தை ஒருவர் கற்பனையாக எழுதினாலும், கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் அது தேறிவிடும்.

ஒரு கட்டுரையில், மே மாதம் விசைப்படகு இழுவை மடியில் ராமேஸ்வரத்தில் இறங்கிய நண்டை அளந்தோம் என்று எழுதியிருந்தால் உங்களுக்கு உடனே பொறிதட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை, மே மாதம் எங்கிருந்து வந்தது அந்த நண்டு? எனக்குத் தெரிந்து எந்த மென்பொருளும் அந்த வரியில் நிற்காது. வெளிநாட்டில் இருந்து கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவரும் நிற்கமாட்டார், பாவம், அவருக்கு அந்தத் தடை தெரியாது. வாடை அடித்துப் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கிற மாதங்களில் வாரம் தவறாமல் அங்கே வலை போட்டதாக எழுதினாலும் இதே கதைதான். சினை நண்டு எந்த மாதம் அதிகம் வரும், எந்தக் கண்ணி அளவில் எது சிக்கும், வியாபாரி பெரிய நண்டைத் தனியாகப் பிரித்தபிறகு மீதியைத்தான் அளந்தார்களா, இதெல்லாம் கட்டுரையின் தரத்தைத் தீர்மானிக்கிற விஷயங்கள். பெரிய நண்டைப் பிரித்த பிறகு அளந்தால் நண்டெல்லாம் சிறுத்துப்போச்சு என்றுதான் முடிவு வரும், அதற்குக் காரணம் கடலில் இல்லை, கூடையில்.

1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இறங்குதளங்களில் மாதிரி எடுத்துத்தான் பிடிப்புக் கணக்குப் போடுகிறது, அந்த முறையில் தவறில்லை. அளக்க வருகிறவர்களை விரட்டாதீர்கள், அவர்களில் பலர் உங்கள் பிள்ளைகள் மாதிரி. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தப் படகில், பிரித்ததற்கு முன்னா பின்னா என்று அவர்கள் நோட்டில் எழுதுவதை உங்கள் சங்கத்து நோட்டிலும் ஒரு வரி எழுதி வையுங்கள். கட்டுரை வந்தால் ஒரு பிரதி வேண்டும், அளந்த எண்களும் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். தவறு இருந்தால் அந்த இதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம், தமிழில் சொல்லி யாரையாவது ஆங்கிலத்தில் எழுதச் சொன்னாலும் போதும், தேதியும் தடை உத்தரவும் வைத்து எழுதிய கடிதத்தை நல்ல ஆசிரியர் ஒதுக்கமாட்டார்.

நண்டு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும், இது அளக்க வருகிற மாணவர்களுக்கு. கடல் உயிர்களின் அறிவியல் பெயரைச் சரிபார்க்க ‘வோர்ம்ஸ்’ என்ற உலகப் பதிவேட்டில் இலவச வசதி உண்டு, பட்டியலைப் போட்டால் எழுத்துப் பிழையையும் பழைய பெயரையும் காட்டிவிடும். ஆனால் போர்டுனஸ் பெலாஜிகஸ் என்ற ஒரே பெயரில் இருந்த நீலக்கால் நண்டை 2010-இல் நான்கு இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். பழைய பெயர் அந்த நான்கில் ஒன்றுக்கு இன்னும் செல்லுபடியாகிறது, அதனால் அதை எழுதினால் பதிவேடு ‘சரி’ என்றே சொல்லும். உங்கள் கையில் இருக்கும் நண்டு அதுதானா, அந்த நான்கில் இன்னொன்றான வங்கக் கடல் பக்கத்து ரெட்டிகுலேட்டஸா என்று ஓட்டைத் திருப்பிப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

எங்கள் கல்லூரியில் விலை கொடுத்து மென்பொருள் வாங்க வசதி இல்லை. இலவசமாகச் சோதித்துத் தருகிற இணையதளங்களில் மாணவர்கள் கட்டுரையைப் போடுகிறார்கள். பரவாயில்லையா?
– நூலகர், ராமேஸ்வரம் சாலை

நிறுத்தச் சொல்லுங்கள். வெளியாகாத கட்டுரையை முகம் தெரியாத தளத்தில் ஏற்றினால் அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அதன் சேமிப்பில் தங்கிவிட்டு, நாளைக்கு உண்மையான சோதனையில் உங்கள் மாணவருடைய எழுத்தே அவருக்கு எதிராக 100 விழுக்காடு ஒத்துப்போகிறது என்று வந்து நிற்கலாம். மத்திய அரசின் இன்ஃப்ளிப்நெட் மையம் ‘சோத்சுத்தி’ திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு இந்த மென்பொருளைக் கொடுத்து வருகிறது. உங்கள் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு அது இருக்கிறதா, இணைவுக் கல்லூரி மாணவர்கள் பயன்படுத்த வழி உண்டா என்று எழுதிக் கேளுங்கள். கேட்கும்போதே, சோதிக்கும் பிரதியைச் சேமிப்பில் வைக்க வேண்டாம் என்ற தேர்வை எப்படிப் போடுவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முழு அறிக்கையையும் மாணவர் கையில் கொடுக்க வேண்டும், முதல் பக்கத்து எண்ணை மட்டும் அல்ல.